சாவி இடுப்பில் இருக்கணும்!

(தலைப்பு: பயணத்தில் மனதுக்கு ஓய்வு தருவது வசதியா? எளிமையா? ‘எளிமையே’ என்ற அணியில் பேசியது.)



1931-ஆம் வருஷம் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு எலெக்ட்ரிக் ரயில் ஓட ஆரம்பிச்சுதாம். அன்னிக்கு ரயிலோட சேர்ந்து ஓட ஆரம்பிச்ச நம்ம ஜனங்க இன்னும் நிக்கலை. (சிரிப்பு) ரயிலாவது கடைசி ஸ்டேஷன்ல கொஞ்சம் நிக்குது!

இப்படி ஓடுகிறவர்கள் ஓய்வுக்காக வெளிநாடு போகிறார்கள். எங்க சொந்தக்காரர் ஒருத்தர் போனார். பத்து நாளில் ஏழு நாடு. பெரிய பெரிய ஓட்டல். காலை ஆறு மணிக்கு பஸ் கிளம்பிவிடும். இறங்கு, போட்டோ எடு, ஏறு! “எப்படி இருந்துச்சு?”ன்னு கேட்டேன். “போட்டோவைப் பார்த்துட்டு சொல்றேம்மா”ங்கறார். (பலத்த சிரிப்பு) நடுவர் அவர்களே, இதற்குப் பெயர் ஓய்வா? காசு கொடுத்துப் பார்க்கிற வேலை!

நாங்களும் போனோம். என் மகள் ஸ்வீடனில், உப்சாலாவில் படிக்கிறாள். ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே இருக்கிற ஊர். “அம்மா, இங்கே ஓட்டல் வாடகை நமக்குத் தாங்காது. ஃபிரெண்டுகிட்ட கூடாரம் வாங்கியிருக்கேன்”னா. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முதுகில் ஆளுக்கொரு மூட்டை. பஸ்ஸில் போய், இறங்கி நடந்து, மேலாரன் என்கிற பெரிய ஏரிக்கரையில் பைன் மரத்தடியில் கூடாரம் போட்டோம். மூன்று ராத்திரி, இரண்டு இடம்.

“யாராவது வந்து விரட்டினா?”ன்னு கேட்டார் இவர். அங்கே ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. காடு யாருடையதாக இருந்தாலும் யாரும் நடக்கலாம், காட்டுப் பழம் பறிக்கலாம், வீடுகளை விட்டுத் தள்ளி ஒன்றிரண்டு ராத்திரி கூடாரம் போடலாம். 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இதை அரசியல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அதற்கு ஈடாக அவர்கள் கேட்பது இரண்டே: யாரையும் தொந்தரவு செய்யாதே, எதையும் அழிக்காதே. குப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வரணும். கோடையில் தீ மூட்டத் தடை போட்டால் குச்சியைக்கூடக் கொளுத்தக் கூடாது.

கொசு உண்டா? உண்டு. நம்ம தாம்பரத்துக் கொசுவுக்குப் பெரியப்பா பிள்ளை! (சிரிப்பு) ஜூன் மாசம், ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம். இவர் டிபன் வேளை முடியலைன்னு நினைச்சு மூணு தடவை சாப்பிட்டார். (கைதட்டல்)

ஆனால் தாய்மார்களே, இதைக் கேளுங்கள். இருந்தது ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம். அடுப்பு ஒண்ணாயிட்டா ‘என்ன சமையல்?’ங்கற கேள்வியும் ஒண்ணாயிடும். என் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையா அவர் சாதம் வடிச்சார். நான் ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று நாளும் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு வேலை. எந்த ஐந்து நட்சத்திர ஓட்டல் இதைத் தரும்?

இரண்டாம் நாள் ராத்திரி மூணு பேரும் வரிசையாப் படுத்திருந்தோம். டி.வி. இல்லை, தனி அறை இல்லை. பேசறதைத் தவிர வேற வழியே இல்லை. அப்பதான் என் மகள் மெதுவா சொன்னா: “அம்மா, குளிர்காலத்துல இங்க மூணு மணிக்கே இருட்டிடும். முதல் வருஷம் தனியா உட்கார்ந்து அழுதிருக்கேம்மா.” தினமும் போன்ல பேசற பொண்ணுங்க! அதுவரைக்கும் சொல்லலை. ஓட்டலில் ரெண்டு ரூம் போட்டிருந்தால், அந்த வார்த்தை பக்கத்து ரூமிலேயே இருந்திருக்கும். (நீண்ட கைதட்டல்)

எதிரணித் தலைவர் கேட்டார்: “2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மக்கள் மொட்டை மாடியில் படுத்தார்களே, அதுவும் ஓய்வா?” ஐயா, நல்ல கேள்வி. அது துன்பம். வீட்டுக்குள் தண்ணீர் வந்து மாடிக்கு ஓடுவது வேறு. வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நாமே விரும்பித் தரையில் படுப்பது வேறு. வறுமையைப் புகழ நான் இங்கே வரவில்லை. திரும்பிப் போக வீடு இருக்கிறவர்கள் அந்த வீட்டின் சுமையை நாலு நாள் இறக்கி வைக்கலாமே என்றுதான் சொல்கிறேன்.

இது நமக்குப் புதுசா? சபரிமலைக்கு இருமுடியோடு போகிறவர் வேறென்ன கொண்டுபோகிறார்? பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர் எந்த ஓட்டலில் ரூம் போட்டார்? சாவடியிலும் மரத்தடியிலும் துண்டை விரித்துப் படுத்தவர்தான் முகம் மலர்ந்து வீடு திரும்புகிறார். அதுக்காக நாளைக்கே வண்டலூர்க் காட்டுல கூடாரம் போட்டுடாதீங்க. வனத்துறை அனுமதி வேணும்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே! வசதி உடம்பைத் தூங்க வைக்கும். எளிமையாகப் போனால், கூட வந்தவர் பேசுவது காதில் விழும். வீட்டில் நடக்காத அந்தப் பேச்சு நடந்தால்தான் மனதுக்கு ஓய்வு. ஆகவே ஓய்வு தருவது எளிமையே என்று தீர்ப்பு வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.