மொய் நோட்டில் ஒரு முகவரி



2021 அக்டோபரில் காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஒரகடம் பக்கத்து ஊராட்சி ஒன்றில் என் சித்தி வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்றார். பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு. ஆய்வேட்டை மூடிவைத்துவிட்டு நானும் ஓட்டுக் கேட்கப் போனேன்.

சிப்காட் ஊர்களில் பகலில் கதவைத் தட்டினால் பாதி வீடு பூட்டியிருக்கும். மீதி வீட்டில் நைட் ஷிப்ட் முடித்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க விசேஷ வீடுதான் வழி. அதோடு, ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. யார் வீட்டு ஆள், எந்த விசேஷத்துக்கு வந்தார் என்பதைத்தான் சனங்கள் பார்ப்பார்கள். அதனால் தேர்தல் பேச்சு எழுந்த ஆவணி முகூர்த்தங்களிலேயே எங்கள் வேலை தொடங்கிவிட்டது.

ஊர்த்தெருவில் ஒரு காதுகுத்து. சித்தியோடு கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கும் அம்மா பத்திரிகை வைத்திருந்தார். சித்தி ஐந்நூறு ரூபாய் மொய் எழுதினார். நோட்டு எழுதியவர் முதலில் 'காலனி' என்று போட்டுவிட்டு, பிறகுதான் பெயரைக் கேட்டார். சித்தி என் முகத்தைப் பார்த்தார். "விடு சித்தி, ஓட்டுதான் முக்கியம்" என்று காதில் சொன்னவன் நான்தான்.

வார்டில் நின்ற மூவருமே நம் மக்கள். ஆனால் யார் ஜெயிப்பது என்பது ஊர்த்தெரு ஓட்டின் கையில் இருந்தது. தனி வாக்காளர் தொகுதி கேட்டு அண்ணல் ஏன் அவ்வளவு போராடினார், 1932 பூனா ஒப்பந்தத்தில் நாம் எதை இழந்தோம் என்பதை நான் நூலகத்தில் படித்திருக்கிறேன். அந்த மொய் மேசை முன்னால்தான் அது எனக்கு உறைத்தது.

சித்தி ஜெயித்தார். சுடுகாட்டுப் பாதைக்குத் தீர்மானம் கேட்டபோது, "உனக்கு ஓட்டுப் போட்டதே நாங்கதானே, பொறுமையா இரு" என்றார்கள். மறு வருஷம் தங்கச்சிக்கு மஞ்சள் நீராட்டு. ஊர்த்தெருவில் பதினான்கு விசேஷங்களுக்கு சித்தி மொய் செய்திருந்தார். மொய் கடன், திருப்பிச் செய்தாக வேண்டும். செய்தார்கள். பதிமூன்று வீட்டுப் பணமும் ஒரு பையன் கையில் கவரில் வந்தது. நேரில் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அந்த கேன்டீன் அம்மா ஒருவர்தான்.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் மொய் நோட்டு அரசு ஆவணம் அல்ல.

அடுத்த தேர்தலில் உங்களில் பலர் ஓட்டுக் கேட்கப் போவீர்கள். விசேஷங்களுக்குப் போங்கள். மொய் மேசையில், "அம்பேத்கர் தெரு என்று எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். நம் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வைத்து, "நேரில் வந்து சாப்பிட வேண்டும்" என்று அழையுங்கள். நாலு ஓட்டுக் குறையலாம், தோற்கவும் செய்யலாம். வாயை மூடிக்கொண்டு ஜெயித்தபோது எங்களுக்குச் சுடுகாட்டுப் பாதை வரவில்லை. அன்று சித்தியிடம் நான் சொன்னதை நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள்.