உடன்படிக்கையின் வாசகம் மக்கள் முன் வரட்டும்!

(கொஸ்லந்தையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



படை, போர்க்கப்பல், பாதுகாப்பு உடன்படிக்கை என்பனவெல்லாம் கொழும்பிலும் புதுடில்லியிலும் பேசப்பட வேண்டியவை. கொழுந்து பறிப்போருக்கும் மரக்கறி பயிரிடுவோருக்கும் அவற்றில் என்ன வேலை என்று கேட்போர் உளர். அவர்களை நாம் திருப்பிக் கேட்கின்றோம்: அயல்நாடுகள் இரண்டு கையெழுத்திட்ட காகிதத்தின் சுமையை இத்தீவில் நம்மைவிட அதிகமாகச் சுமந்தவர் எவர்?

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை பிறந்தது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று எழுதினர். பத்தாண்டுகளின் பின், 1974 இல், அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்தனர். பங்கிட்டவர்கள் பங்கிடப்பட்டவர்களைக் கேட்டார்களா? கேட்கவில்லை. ஆகவேதான், இரு அரசாங்கங்கள் கைகுலுக்கும்போது, காகிதத்தில் என்ன எழுதியிருக்கின்றது என்று கேட்கும் உரிமை எவரையும்விட நமக்கு உண்டு என்கின்றோம்.

2025 ஏப்ரல் 5 ஆம் நாள், இந்தியப் பிரதமர் கொழும்புக்கு வந்தபோது, பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்று கையெழுத்தாயிற்று. கையெழுத்தான நாளில் அதன் முழு வாசகம் மக்களுக்கு வெளியிடப்படவில்லை. இந்தியாவுடன் நட்பு வேண்டாம் என்பார் கூட்டத்தில் நாம் இல்லை. நம் கேள்வி நட்பைப் பற்றியதன்று. நட்பின் நிபந்தனைகளைப் பற்றியது.

அயல்நாடுகள் சேர்ந்து தளபாடம் வாங்குவதில் பயன் உண்டா? உண்டு. நாலு ஏக்கர்க்காரன் ஒவ்வொருவனும் தனித்தனியே உழவு இயந்திரம் வாங்கினால் கடனில் மூழ்குவான். பத்துப்பேர் சேர்ந்து வாங்கினால் விலையும் குறையும், உதிரிப்பாகமும் எளிதில் கிடைக்கும், ஓட்டத் தெரிந்தவனும் ஊரிலேயே இருப்பான். நாடுகளுக்கும் இதே கணக்குத்தான். பெல்ஜியமும் நெதர்லாந்தும் தத்தமக்கு ஆறு வீதம் 12 கண்ணிவெடி அகற்றும் கப்பல்களை 2019 இல் ஒரே ஒப்பந்தத்தில் வாங்கின. எஸ்தோனியாவும் லத்வியாவும் வான்பாதுகாப்பு ஏவுகணைகளை 2023 இல் சேர்ந்து வாங்கின. ஹங்கேரியின் பாப்பா விமானத் தளத்திலே 12 நாடுகள் சேர்ந்து மூன்று பெரும் போக்குவரத்து விமானங்களை வைத்திருக்கின்றன. எந்நாட்டுக்கு எத்தனை மணிநேரப் பறப்பு வேண்டுமோ அதற்கேற்பச் செலவைப் பகிர்கின்றன. 2010 இல் ஹெயிற்றியில் நிலம் நடுங்கியபோது அவ்விமானங்கள் நிவாரணம் சுமந்து பறந்தன.

நம் பக்கத்திலும் தொடக்கம் இல்லாமல் இல்லை. கோவாவின் கப்பல் தளத்தில் கட்டப்பட்ட சயுரால, சிந்துரால என்னும் ரோந்துக் கப்பல்கள் 2017, 2018 ஆம் ஆண்டுகளில் இலங்கைக் கடற்படையில் சேர்ந்தன. 2022 ஓகஸ்ட் 15 இல் கடற்கண்காணிப்புக்கு இந்தியா டோர்னியர் விமானம் ஒன்றை வழங்கிற்று. 2024 ஓகஸ்டில் இந்தியா, இலங்கை, மாலைதீவு, மொரீசியஸ் ஆகியவை கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டின் சாசனத்தில் கையெழுத்திட்டன.

ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. பெல்ஜியமும் நெதர்லாந்தும் ஏறத்தாழச் சமமானவை. யானையும் ஆடும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டால் ஏர் எப்பக்கம் போகும் என்று உழவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கப்பலைத் தந்தவன் கையில் அதன் உதிரிப்பாகமும் இருக்கும். உதிரிப்பாகம் எவன் கையிலோ அவன் கையில் கடிவாளமும் இருக்கும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று அறிவித்த நாடு நம் நாடு. இந்நிலையில், எதை, எவ்விலைக்கு, யாருடைய கடனில் வாங்குகின்றோம் என்று கேட்பது தேசத்துரோகமா?

சட்டம் யாது சொல்கின்றது? அந்நிய முதலீட்டைக் காக்கும் உடன்படிக்கையைப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அங்கீகரிக்க அரசியலமைப்பின் 157 ஆம் உறுப்புரை வழிவகுத்திருக்கின்றது. பாதுகாப்பு உடன்படிக்கைக்கு அத்தகைய வழியை அது வகுக்கவில்லை. அந்நிய முதலுக்குள்ள மதிப்பு குடிமக்களின் உயிருக்கு இல்லையா? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், நாட்டின் பாதுகாப்பையும் வெளிநாட்டு உறவையும் காட்டித் தகவலை மறுக்க இடந்தருகின்றது. ஆனால் தீங்கைவிடப் பொதுநலன் மிகுமாயின் மறுக்கலாகாது என்றும் அதே 5 ஆம் பிரிவு சொல்கின்றது. 1947 நவம்பரில் பிரித்தானியாவுடன் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையின் வாசகம் வெளியிடப்பட்டது. வாசகம் வெளியே இருந்தபடியால் நாடு அதனை விவாதித்தது. 1957 இல் திருகோணமலையும் கட்டுநாயக்காவும் பிரித்தானியரிடமிருந்து மீண்டன.

தோழர்களே! பாதுகாப்பு என்றால் என்ன என்று கொஸ்லந்தைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை மீரியபெத்த மலை சரிந்து லயன்களை விழுங்கியது. அபாயம் உண்டு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. நம்மைக் கொன்ற பகைவன் எல்லை தாண்டி வந்தவனா? இல்லை, மழையும், மண்ணும், எச்சரிக்கையைக் காதில் வாங்காத அலட்சியமும். மண்ணைத் தோண்ட வந்தோர் படையினரே. 2025 நவம்பரின் கடைசியில் டித்வா புயல் இத்தீவில் 600 க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, பதுளை மாவட்டம் மீண்டும் மண்ணில் புதைந்தது. அப்போது இந்தியக் கடற்படைக் கப்பல்கள் நிவாரணம் இறக்கின. ஹெலிகொப்டர்கள் மக்களைத் தூக்கின. மகியங்கனையில் இந்திய இராணுவம் கள மருத்துவமனை அமைத்தது. அந்த உதவிக்கு நாம் நன்றியுடையோம். அதே வேளையில் கேட்கின்றோம்: அயலவன் தன் கருவியோடு வரும்வரை காத்திராமல், அக்கருவியைக் கூட்டாக வாங்கி இங்கேயே வைத்தால் என்ன?

ஆதலின் நாம் கோருவது மூன்று. முதலாவது: பாதுகாப்பு உடன்படிக்கை எதுவாயினும் அதன் வாசகம் சிங்களத்திலும் தமிழிலும் பாராளுமன்றத்தில் வைக்கப்படல் வேண்டும். போர்த்திட்டங்களை நாம் கேட்கவில்லை. கடப்பாடுகளையும் செலவையும் கேட்கின்றோம். இரண்டாவது: கூட்டாக வாங்கப்படும் பொருள்களில் மீட்பு ஹெலிகொப்டர், உடனடியாகப் பூட்டும் பாலம், மழையளக்கும் ராடர் ஆகியவற்றுக்கு முதலிடம் வேண்டும், அவற்றில் ஒரு பங்கு ஊவா மலைகளிலேயே நிறுத்தப்படல் வேண்டும். மூன்றாவது: இத்தீவின் மண்ணும் கடலும் எந்த அயல்நாட்டுக்கும் எதிராகப் பயன்படலாகாது, எந்த வல்லரசுக்கும் தளமாகவும் ஆகலாகாது.

1964 இல் நம் பாட்டன்மார் எண்ணிக்கையாக எழுதப்பட்டனர். இன்று நாம் வாக்குடைய குடிமக்கள். நம் பெயரால் கையெழுத்திடுவோர், கையெழுத்திடுமுன் நமக்கு அதனை வாசித்துக் காட்டட்டும். இக்கோரிக்கையைத் தோட்டந்தோறும் தீர்மானமாக நிறைவேற்றி, பதுளை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் நேரிற் கையளிக்குமாறு உங்களை வேண்டி அமைகின்றோம்.