சூரியக் காற்று வர ஒரு மணி நேரம்

சூரியக் காற்று நொடிக்கு சுமார் 400 கிலோமீட்டர் வேகத்துல வீசுது. நம்ம ஆதித்யா-எல்1 இருக்கிறது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியன் பக்கமா. அதைத் தாண்டின காற்று இங்க வர ஒரு மணி நேரம்தான். காட்டாங்குளத்தூர்ல ரயில் ஏறினா, பீச் ஸ்டேஷன் போறதுக்குள்ள வந்துடும்!

அந்தக் காற்றோட காந்தப்புலம் பலமா தெற்கு நோக்கி இருந்தா, பூமியோட காந்தக் கவசம் திறந்துக்கும். ஜிபிஎஸ், மின்கட்டமைப்பு எல்லாம் தடுமாறலாம். அந்தத் திசையை அளக்கத்தான் ஆதித்யாவுல 6 மீட்டர் நீளக் கை ஒண்ணு இருக்கு. 2024 ஜனவரி 11-ல அதை விரிச்சாங்க. நடுவுல ஒரு சென்சார், நுனியில ஒண்ணு. ஏன் ரெண்டு? விண்கலத்துக்கும் சொந்தமா காந்தப்புலம் உண்டு. தள்ளிப் போகப் போக அது குறையும். ரெண்டு அளவையும் ஒப்பிட்டு அதைக் கழிச்சா, மிச்சம் சூரியனோடது. கிடைக்கிற ஒரு மணி நேரத்துல செயற்கைக்கோள்களை உஷார்படுத்திடலாம்.