சிறு திரையும் பெருந் திரையும்



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலாய கரையோர ஊர்களில், ஒரே கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டியும் மடிக்கணினியும் இருக்கும் வீடுகள் பல உள. ஆயினும் அவையிரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. மகன் ஒரு மூலையில் கணினியின் சிறு திரையில் படம் பார்க்கின்றான். உம்மம்மாவுக்கோ அத்திரையின் எழுத்துப் புலப்படுவதில்லை. இலங்கையில் 1979இல் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கி, 1982இல் ரூபவாஹினி வந்த காலத்தில், பெட்டி இருந்த வீட்டில் அயலாரும் கூடியிருந்து பார்த்தனர். இன்று ஒரு வீட்டாரே நால்வேறு திரைகளாய்ப் பிரிந்திருக்கின்றனர். அவர்களைச் சேர்த்துவைக்க ஒரு வயர் போதும்.

அவ்வயர் யாது? 2002ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. என்னும் முறைக்குரியது அது. அதன் முனையில் 19 ஊசிகள் உள. படமும் ஒலியும் அவ்வொரு வயரிலேயே செல்லும். பழைய மடிக்கணினிகளில் வீ.ஜி.ஏ. என்னும் 15 ஊசித் துளையே இருக்கும். 1987இல் தோன்றிய அம்முறை படத்தை மட்டுமே கடத்தும். ஒலிக்கு வேறொரு வயர் வேண்டும். புதிய மெல்லிய கணினிகள் சிலவற்றில் யூ.எஸ்.பி.-சி என்னும் நீள்வட்டத் துளை மாத்திரமே உண்டு. அத்தகைய துளைகள் யாவும் படத்தைக் கடத்துவன அல்ல. ஆதலின், இணைப்பான் வாங்குமுன் கணினியின் விவரக் குறிப்பைப் பார்த்துக்கொள்வது நன்று.

பழைய குழாய்த் தொலைக்காட்சி வைத்திருப்போர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அதன் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் வேறு வகைச் சைகையை ஏற்பன. ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ.யும் மறுமுனையில் இம்மூன்று நிறங்களும் கொண்ட வெறும் வயரை வாங்கினால் பணமே வீணாகும். சைகையை மாற்றித் தரும் சிறு பெட்டியொன்று இடையில் இருந்தாக வேண்டும்.

இனி இணைக்கும் முறை. இரண்டு கருவிகளையும் நிறுத்திவிட்டு வயரைப் பொருத்துக. பின்னர் அவற்றை இயக்கி, தொலைக்காட்சியின் ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானை அழுத்தி, வயர் செருகிய துளையின் எண்ணைத் தெரிக. விண்டோஸ் கணினியாயின், விண்டோஸ் விசையுடன் 'பி' எழுத்தை அழுத்தினால் சில தெரிவுகள் தோன்றும். இரு திரையிலும் ஒரே படம் வேண்டுமா, பெருந் திரையில் மட்டும் வேண்டுமா என்பதை அங்கே முடிவு செய்யலாம். படம் வந்தும் ஒலி வராவிடின் பழுதென்று எண்ணற்க. கணினியின் ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டு, ஒலி செல்லுமிடமாகத் தொலைக்காட்சியைத் தெரிந்தாற் போதும். படத்தின் ஓரங்கள் வெட்டுண்டு தோன்றினால், தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பிலே திருத்துக.

பாதுகாப்பும் மறத்தலாகாது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். புவியிணைப்பு இல்லாத செருகியில் மூன்று கால் மின்னேற்றியைப் பொருத்தினால், கணினியின் உலோகப் பகுதியைத் தொடுங்கால் கை விறுவிறுப்பதுண்டு. மூன்றாம் காலை ஒடித்துவிடுவது பெருந் தவறு. வடகீழ்ப் பருவ மழைக்கால இடிமின்னலின்போது மின்செருகியையும் அன்ரெனா வயரையும் கழற்றிவிடுக. இரு கருவிகளையும் இணைத்த வயரையும் நீக்குக. ஒன்றிற் பாய்ந்த மின்னல் அதன் வழியே மற்றதையும் அழிக்கக் கூடும். கடற்காற்றின் உப்பு உலோக முனைகளை அரிக்குமாதலால், பயன்படாத வேளையில் வயரை மூடிய பையில் வைத்தல் நலம்.

இஷாத் தொழுகைக்குப் பின் வீட்டார் ஒன்றாக அமர்ந்து, ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் 1997ஆம் ஆண்டுப் படமான 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்' போன்ற ஒன்றைப் பார்க்கலாம். ஒரு சோடிச் சப்பாத்தை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி அணிந்து பள்ளி செல்லும் கதை அது. அடியெழுத்தைப் பேத்தி தமிழாக்கிச் சொல்ல, உம்மம்மா கேட்டு மகிழ்வார். சிறு திரை ஒருவருக்கு; பெருந் திரை குடும்பத்துக்கு.