மீண்டும் மலாவிக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஆப்பிரிக்காவைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசுப்பா" என்றார் செயலாளர். ஆப்பிரிக்காவில் ஐம்பத்துநாலு நாடுகள். எனக்குத் தெரிந்தது அதில் ஒன்று, மலாவி. அதிலும் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். இங்கே எலக்ட்ரிகல் படித்து, எட்டு வருஷம் கம்பெனியில் வேலை பார்த்து, 2022 செப்டம்பரில் ஊழியமாக அங்கே போனேன். இயற்பியலும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். நம் சீனியர்கள் படித்த மாதிரி அங்கே இன்னும் ஃபாரம்தான். நாலாம் ஃபாரம் முடிவில் அரசுத் தேர்வு. பள்ளி ஆண்டு முடிந்து ஆறு வாரம் ஊரில் இருந்துவிட்டு, அடுத்த வாரம் திரும்புகிறேன். அந்தத் திரும்பிப் போவதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

முதல் தடவை போவது சுலபம். வழியனுப்புக் கூட்டம், மாலை, ஜெபம், போட்டோ எல்லாம் உண்டு. எங்கே போகிறோம் என்பது மட்டும் தெரியாது. இப்போது தெரியும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை போன வருஷத்துச் சோளம் தீர்ந்திருக்கும், புதுசு விளைந்திருக்காது. நம்ம களி மாதிரி 'ன்சீமா' என்று கிண்டுவார்கள். அந்த மாதங்களில் அதையும் ஒரு வேளைதான் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் வரும். எனக்கு மலேரியா இரண்டு தடவை வந்தாயிற்று. 2022 ஜனவரியில் அனா புயல் வெள்ளம் கபிச்சிரா அணையை உடைத்து, கிட்டத்தட்ட 130 மெகாவாட் நீர்மின் நிலையம் ஓராண்டுக்கு மேல் நின்றது. நான் போனபோது அந்த இருட்டை வைத்தேதான் மின்சாரப் பாடத்தை ஆரம்பித்தேன். 2023 நவம்பரில் அவர்கள் நாணயம் குவாச்சாவின் மதிப்பை ஒரே நாளில் 44 சதவீதம் குறைத்தார்கள். கிறிஸ்துமஸ் முடிந்து வந்து பார்த்தால் என் வகுப்பில் சில பெஞ்சுகள் காலி. ஃபீஸ் கட்ட முடியவில்லை. அதில் ஒரு பெண், ஓம் விதியை எனக்கே திருப்பிச் சொல்லிக் கொடுக்கிற அளவுக்குக் கெட்டிக்காரி. அவள் திரும்ப வரவே இல்லை.

இதெல்லாம் தெரிந்து பெட்டி கட்டுவதுதான் கஷ்டம். அதுவும் அம்மா கையால் ஆறு வாரம் சாப்பிட்ட பிறகு.

அங்கே பேசுகிற சிச்செவா மொழியில் விடைபெற இரண்டு வார்த்தை உண்டு. இருப்பவர் போகிறவரிடம் "பிதானி ப்வினோ" என்பார், நல்லபடியாகப் போங்கள் என்று. போகிறவர் "த்சலானி ப்வினோ" என்பார், நல்லபடியாக இருங்கள் என்று. நாம் சொல்கிற "போயிட்டு வர்றேன்" அதில் இல்லை. ஜூலையில் கிளம்பும்போது பையன்கள் "பிதானி ப்வினோ, சார்" என்றார்கள். ஒருவன் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தான். "சார், நீங்க வருவீங்களா, இல்ல லீவுல போறீங்களா?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர் லீவில் போனவர்தான், திரும்பவில்லை. ஒன்றரை டெர்ம் இயற்பியலுக்கு ஆளே இல்லை. அந்த வருஷத்துப் பிள்ளைகள் தேர்வை எப்படி எழுதியிருப்பார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆசிரியர் மேல் எனக்கு அப்போது கோபம் இருந்தது. இப்போது இல்லை. அவருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பார்.

வடக்கே ஏரிக்கு மேலே மலையில் லிவிங்ஸ்டோனியா என்று ஓர் ஊர். ராபர்ட் லாஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1894இல் அந்த இடத்தில் தொடங்கிய கல்வி நிலையத்தில் பாடத்தோடு தச்சு, கட்டடம், அச்சு வேலையும் சொல்லிக் கொடுத்தார்கள். 1875இல் வந்த மனிதர், கடைசியாக அங்கிருந்து கிளம்பியது 1927இல். ஐம்பத்திரண்டு வருஷம்! நடுவில் ஊருக்குப் போகாதவர் இல்லை. போன ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தார். அவரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளவில்லை, அந்தத் தகுதி எனக்கில்லை. முன்பு லீவு என்றால் கப்பலில் மாதக் கணக்கு. எனக்கு மும்பை, அடிஸ் அபாபா, லிலோங்வே, முடிந்தது.

போன வாரம் அம்மா, "இந்த வருஷத்தோட முடிச்சுக்கோயேன்டா" என்றாள். எழுபது வயது, கண் ஆபரேஷன் ஆனவள். தம்பி பார்த்துக்கொள்கிறான், அவன் வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பதில் சொல்லத் தெரியாமல் சைக்கிள் பையன் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவன் இப்ப எந்தக் கிளாஸு?" என்றாள். மூணாம் ஃபாரம் முடிச்சிருக்கான் என்றேன். "அப்ப இன்னும் ஒரு வருஷம்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஊறுகாய் போட ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு வருஷம் கழித்து என்ன என்று எனக்கே தெரியாது. அதனால் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பெட்டியில் இன்னும் ஆறு கிலோவுக்கு இடம் இருக்கிறது. பழைய மல்ட்டிமீட்டர், ரெசிஸ்டர், சின்ன மோட்டார் எது வீட்டில் கிடந்தாலும் வியாழனுக்குள் நம் எலக்ட்ரிகல் லேபில் கொடுத்துவிடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பாட்டரி மட்டும் வேண்டாம், ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள்.

போயிட்டு வர்றேன்.