மாணவர் சொல்லட்டும், நாம் கேட்போம்

(மேல்நிலைக் கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் மாநிலத்தில் பொறியியல் கலந்தாய்வுக்குச் செல்லும் மாணவரிடம், 'இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறாய்?' என்று யாரும் கேட்பதில்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 எனக் கூட்டி, 200-க்கு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பிரிட்டனில் கணினி அறிவியல் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவரோ மதிப்பெண்ணோடு தன்னைப் பற்றிய அறிக்கை ஒன்றையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி நம் பிள்ளைகள் கேட்கும்போது வழிகாட்ட, இதை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

அங்கே யூகாஸ் என்ற பொது அமைப்பு விண்ணப்பங்களைப் பெற்றுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புகிறது. ஒருவர் ஐந்து படிப்புகள் வரை தேர்ந்தெடுக்கலாம். ஐந்துக்கும் ஒரே அறிக்கைதான். எனவே அதில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் குறிப்பிடாமல் இருப்பதே முறை. முன்பு ஒரே கட்டுரையாக இருந்த இது, 2026-ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் மூன்று கேள்விகளாகியிருக்கிறது. இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய்? இதுவரை படித்தது உன்னை எப்படித் தயார்ப்படுத்தியது? படிப்புக்கு வெளியே என்ன செய்தாய், அது ஏன் பயன்படும்? ஒவ்வொரு விடைக்கும் குறைந்தது 350 எழுத்துகள். மூன்றும் சேர்ந்து, இடைவெளி உட்பட, 4,000-ஐத் தாண்டக் கூடாது.

'சிறு வயதிலிருந்தே கணினி என்றால் எனக்கு உயிர்' என்றுதான் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தொடங்கத் தோன்றும். அதைப் படிப்பவருக்கு அந்த மாணவரைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரு சிக்கல் வந்தால் இவர் எப்படி யோசிக்கிறார் என்பதைத்தான் அவர் அறிய விரும்புகிறார்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாணவி பள்ளி நூலகத்தின் 1,000 நூல்களின் தலைப்புகளைப் பைத்தானில் பட்டியலிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகத் தேடினால் 1,000 முறை வரை ஒப்பிட வேண்டும். இருமத் தேடலில் அதிகபட்சம் 10 முறை போதும். இது நாம் வகுப்பில் நடத்துவதுதான். இருமத் தேடலுக்குப் பட்டியல் வரிசையில் இருக்க வேண்டும் என்பதால் வரிசைப்படுத்துகிறாள். 'மரம்' என்பதற்கு முன்னால் 'மனம்' வந்து நிற்கிறது! நம் அகரவரிசையில் னகரம் கடைசி மெய். யூனிகோடு அட்டவணையிலோ அது நகரத்தை அடுத்து, ரகரத்துக்கு முன்பே இருக்கிறது. பைத்தான் அந்த எண்களைத்தான் பார்க்கிறது. காரணத்தைக் கண்டறிந்து, நம் அகரவரிசைப்படி எழுத்துகளுக்குத் தானே எண் கொடுத்து அவள் சரிசெய்கிறாள்.

இதைச் சொல்ல ஐந்தாறு வரிகள் போதும். பத்துச் சான்றிதழ்களின் பட்டியலைவிட அவை அதிகம் பேசும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளையும் பள்ளி ஆய்வகத்திலேயே இதைச் செய்ய முடியும் என்பதையும் கவனியுங்கள்.

இங்கேதான் நம் பங்கு வருகிறது. பிள்ளையின் ஆங்கிலம் தடுமாறுகிறதே என்ற அக்கறையில், நாமே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் 'மரம், மனம்' போய்விடும். யாருக்கும் பொருந்தும் அழகான வாக்கியங்கள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பிறருடைய அறிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று யூகாஸ் மென்பொருள் கொண்டு சோதிக்கிறது. ஒத்துப்போனால் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவிக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதியதைத் தன்னுடையது என்று கொடுப்பதும் ஏமாற்றாகவே கருதப்படலாம். நேர்காணல் வைக்கும் இடங்களில், தான் எழுதாத வரியைப் பற்றிக் கேட்டால் அந்தப் பிள்ளைதான் தலைகுனிய நேரும்.

ஆகவே முதலில் தமிழில் பேசவிடுங்கள். என்ன செய்தாய்? எங்கே சிக்கிக்கொண்டாய்? ஏன் அப்படி ஆனது? எப்படிச் சரிசெய்தாய்? அடுத்து என்ன தெரிந்துகொள்ள ஆசை? இந்த ஐந்து கேள்விகளுக்கும் அவர்கள் சொல்வதை அவர்களே எழுதட்டும். பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றட்டும். பிழை இருக்கும் இடத்தைக் காட்டுங்கள், கருத்தை மாற்றாதீர்கள்.

நாம் எழுத வேண்டியது வேறொன்று இருக்கிறது. விண்ணப்பத்தோடு பள்ளியின் பரிந்துரையும் செல்கிறது. பள்ளியின் சூழல், மாணவரின் படிப்பைப் பாதித்த குடும்பச் சிரமங்கள் ஆகியவற்றை, அவருடைய ஒப்புதலோடு, அதில் நாம் சொல்லலாம். அப்போது மாணவர் தம் 4,000 எழுத்துகளையும் பாடத்துக்கே செலவிட முடியும்.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு அக்டோபர் 15-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்கினால் காலம் போதாது. பதினோராம் வகுப்பிலேயே ஆய்வகப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், அன்று வந்த ஒரு பிழையையும் அதன் காரணத்தையும் இரண்டு வரியில் குறித்துவைக்கப் பழக்குங்கள். வெளிநாடு செல்லாத பிள்ளைக்கும் அது நல்ல பழக்கம்தான்.