மூட்டை சுமந்தவன் அந்நியனா?

(களனியில் ஆற்றிய உரை)



மன்னர்களின் போர்களையே வரலாறு என்று படித்து வளர்ந்தோம். மூட்டை சுமந்து ஊரூராய் நடந்த வணிகனை நமது பாடநூல்கள் நினைப்பது அரிது. ஆயினும் கிராமத்தை உலகோடு பிணைத்தவன் அவனே.

சங்க நூல்கள் காட்டும் உமணர் உப்பைக் கொண்டுசென்று நெல்லுக்கு மாற்றினர். இலங்கையிலும் அதே கதைதான். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கடற்கரை முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. கண்டி நாட்டார் உப்பின்றி வாழ்வதெங்ஙனம்? பொதிமாடுகளை நிரையாக ஓட்டிய 'தவளம்' வணிகர் உப்பும் கருவாடும் புடவையும் மலைக்கு ஏற்றினர். பாக்கைக் கரைக்கு இறக்கினர். அவர்களுள் தமிழ் பேசும் முஸ்லிம்கள் பலர். இக்களனி ஆற்றின் ஓடங்களும் அவ்வணிகத்துக்குத் துணைநின்றன.

1867இல் கண்டிக்குப் புகைவண்டி வந்தது. பொதிமாடுகள் அருகின, தோட்சுமை மறையவில்லை. தென்னிந்தியக் கரையிலிருந்து முஸ்லிம் வியாபாரிகள் வந்தனர். பின்னர் சீனரும் புடவை மூட்டையைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு வந்தனர். பட்டணத்து விலையையும் அயலூர்ச் செய்தியையும் இவர்களே கொணர்ந்தனர். படலையைத் தாண்டாத பெண்களுக்கு அந்த மூட்டையே சந்தை. இன்று பொருளைக் கொடுத்து, அறுவடையின்பின் பணத்தை வாங்கினர். முத்திரையும் சாட்சியும் கேட்பது வழக்கறிஞர் தொழில்; அவர்களுக்கோ வாய்ச்சொல்லே உறுதி!

அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த கைம்மாறு யாது? 1915ஆம் ஆண்டுக் கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமோ, தந்தை இங்கு பிறந்தவரா, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்களா என்று கேட்டது. ஊரூராய் அலைந்தவனிடம் மூன்று தலைமுறைப் பத்திரம் ஏது? 1949ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய, பாகிஸ்தானியருக்கு மட்டும் விண்ணப்பிக்கும் வழியைத் திறந்தது. சீனருக்கு அவ்வழியும் இல்லை. நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினருக்கு 2003இலும் ஒரு சட்டம் பிறந்தது; சீன வம்சாவளியினருக்கோ 2008இலேயே தனிச்சட்டம் பிறந்தது. அறுபது ஆண்டுகள்! ஒரு மனிதனின் ஆயுளையே சட்டம் விழுங்கிவிட்டது.

தோழர்களே, பிறர் குற்றத்தை மட்டும் பேசி அமைவது நேர்மையன்று. தெற்கிலிருந்து ஒருவன் மூட்டையுடன் நமது ஊருக்கு வந்தால், நாமும் அவனை 'வெளியான்' என்கிறோம். உள்ளூர் வியாபாரியின் பிழைப்பைக் காக்க விதிகள் வேண்டியதே. அவ்விதி அளவையையும் தரத்தையும் வரியையும் பார்க்கட்டும், இனத்தைப் பார்க்கவேண்டாம். இந்தியாவில் 2014இல் இயற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம், அவர்களுக்கான நகரக் குழுக்களில் நூற்றுக்கு 40க்குக் குறையாத இடத்தை வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கே ஒதுக்கியது. அத்தகைய பாதுகாப்பை நமது பிரதேச சபைகளிடமும் கேட்போம்.

பத்திரமில்லை என்று நம் மக்களை நாடற்றவராக்கியதை அநீதி என்றோம். அந்தச் சொல் உண்மையானால், நம் படலையில் நிற்கும் வியாபாரிக்கும் அதே நீதியை வழங்கக் கடமைப்பட்டுள்ளோம்.